கணினி பேசத் தொடங்கும் வரை

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால், படிக்கிறவர்கள் திடுக்கிட்டு மறுபடி மேலே போய் எல்லாவற்றையும் பரிதாபத்தோடு இன்னொரு முறை படிப்பார்கள். பரிதாபம் எனக்கு ஆகாது. பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்து 'ச்சு' கொட்டினால், இறங்குகிற வரைக்கும் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே வருகிற ஆள் நான்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிது புதிதாக வீடுகள் வந்துவிட்டன. அதில் ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரம்மா. வேலை வீட்டிலிருந்தபடியேதான். சென்னையில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு ஃபோன் செய்கிறவர்களிடம் பேசி, எந்த டாக்டர், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கணினியில் பார்த்து, பெயரைப் பதிந்து கொடுக்க வேண்டும். ஹெட்செட்டில் ஒரு காதில் நோயாளி பேசுவார், இன்னொரு காதில் கணினி பேசும்.

கணினி பேசுமா என்று கேட்பவர்களுக்காக: திரையில் இருப்பதையெல்லாம் குரலாகப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் இருக்கிறது. திரைவாசிப்பான் என்பார்கள். கண் தெரியாதவர்கள் எல்லோரும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். என்னுடையது ஓடும் வேகத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மா, "இன்னாம்மா இது, கடுகு வெடிக்கிற மாதிரி கீது" என்றார். எனக்கு அந்தக் கடுகில் ஒவ்வொரு எழுத்தும் புரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த வேலை சும்மா கிடைத்துவிடவில்லை. எம்.ஏ. முடித்துவிட்டு எத்தனையோ இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று கேட்டுவிட்டு வந்தவள். இங்கேயும் 'கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் கண் தெரியாதவள் நான் ஒருத்திதான். அதனால் மற்றவர்கள் தப்புச் செய்தால் அது தப்பு. நான் செய்தால் அது கண் தெரியாததால் வந்த தப்பு. இது தெரிந்ததால் நான் தப்பே செய்யாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடித்துக் கணினியை அணைக்கும்போது அது அப்டேட் ஒன்றை இறக்கிப் போட்டுக்கொண்டது. கணினியின் உள்ளே இருக்கிற அடிப்படை மென்பொருளுக்கு அவ்வப்போது கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற புதுச் சரக்கு அது. வேண்டாம் என்றாலும் வரும். சொல்லாமல் கொள்ளாமல் வரும் சொந்தக்காரர்களைப் போல, வந்தபின் இடம் ஒதுக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வழக்கமாகக் காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் பாலை அடுப்பில் வைப்பேன். பால் பொங்குவதற்குள் கணினி பேசிவிடும். சனிக்கிழமை பால் பொங்கியது. காபி கலந்து குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இட்லி ஊற்றி, அது வெந்து, எடுத்துச் சாப்பிட்டும் ஆயிற்று. அறையில் சத்தமே இல்லை. கண் தெரிந்தவர்களுக்குத் திரையில் வட்டமாகப் புள்ளிகளாவது சுற்றும், ஏதோ நடக்கிறது என்று தெரியும். எனக்கு மெதுவாக வரும் கணினியும் செத்துப்போன கணினியும் ஒன்றுதான். காதை அதன் முதுகில் வைத்துக் கேட்டேன். உள்ளே எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற டிஸ்க் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அது பேசியபோது நான் வேலைக்கு நுழைய வேண்டிய எட்டு மணி எப்போதோ போயிருந்தது. பேசியதும் ஒழுங்காகப் பேசவில்லை. ஒரு சொல் சொல்லும், மூச்சு வாங்கும், இன்னொரு சொல் சொல்லும். அன்றைக்கு முதலில் கிடைத்த நோயாளி, ஆரணிப் பக்கத்திலிருந்து பேசிய ஒரு அம்மா, "லைன்ல இருக்கீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் லைனில்தான் இருந்தேன். கணினிதான் இல்லை.

மதியம் எங்கள் சூப்பர்வைசர் மேடம் ஃபோன் செய்தார். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்திப் பேசவே மாட்டார். அதுதான் கஷ்டம், சண்டை போட முடியாது.

"காலைல லேட்டாயிடுச்சு போல?"

"சிஸ்டம் ஸ்டார்ட் ஆகல மேடம். அப்டேட் வந்ததுல இருந்து ரொம்ப ஸ்லோ."

"பரவால்ல, ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க. நாளைக்கு லீவுதான? திங்கக்கிழமை காலைல வரைக்கும் பாருங்க. முடியலன்னா சொல்லுங்க, உங்கள ரிசப்ஷன் லைனுக்கு மாத்திடறேன். அதுல கம்ப்யூட்டரே வேணாம். வர்ற ஃபோன எடுத்து உள்ள கனெக்ட் பண்ணா போதும். உங்களுக்கும் ஈஸி."

அந்த 'ஈஸி' இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஃபோனை எடுத்து இன்னொருவருக்குத் தள்ளிவிடும் வேலையை மட்டும்தான் கண் தெரியாதவர்களுக்கு இந்த உலகம் காலங்காலமாகக் கொடுத்து வருகிறது. எனக்கு முன்னால் படித்தவர்கள் எத்தனையோ பேர் அதில் உட்கார்ந்து, அதிலேயே ரிடையர் ஆனார்கள். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டரின் நேரத்தைப் பார்த்து, இந்த நோயாளிக்கு இது சரிப்படும் என்று நானே முடிவெடுத்துப் பதிகிற நாற்காலியிலிருந்து எழுந்து, அதில் போய் உட்கார்ந்தால், அதன் பிறகு நான் மட்டும் இல்லை, எனக்குப் பின்னால் கண் தெரியாத யாரையும் அவர்கள் இந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். இது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"திங்கக்கிழமை வந்துடுவேன் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எப்படி வருவேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்காரம்மா தனக்குத் தெரிந்த ஒரு கணினி ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டார். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் கடை வைத்திருப்பவர், வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப்பெல்லாம் அவரிடம்தான் வருமாம். சாயங்காலம் வண்டியில் வந்தார். வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாக் கேள்வியும் வீட்டுக்காரம்மாவிடம்தான்.

"இதுல அவங்க இன்னா பண்ணுவாங்க? பாட்டு கேப்பாங்களா?"

"அத அவளாண்டயே கேளுங்க, அவளுக்கு வாய் இருக்குது" என்றார் வீட்டுக்காரம்மா. வாடகை விஷயத்தில் அவரிடம் எனக்கு எத்தனையோ மனத்தாங்கல் உண்டு. அன்றைக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ரிப்பேர்க்காரர் பட்டனை அழுத்தினார், காத்திருந்தார், உச்சுக் கொட்டினார். "டிஸ்க் அவுட்டுங்க. புதுசு போட்டு ஃபார்மட் அடிக்கணும். பௌர்ணமிக்குக் கடை மூடிடுவேன், ரோடெல்லாம் அடைச்சிடுவாங்க. செவ்வாக்கிழமைக்கு மேல தர்றேன்."

ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. என் திரைவாசிப்பானின் தமிழ்க் குரல், நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த டாக்டர் பெயர்களின் உச்சரிப்பு, விரலுக்குப் பழகிய குறுக்கு வழிகள், எல்லாம் போகும். அதோடு செவ்வாய்க்கிழமை என்பது எனக்கு வராத கிழமை. மேடம் கொடுத்தது திங்கட்கிழமை.

"அண்ணா, சாகப்போற டிஸ்க் டக்கு டக்குன்னு நின்னு நின்னு அடிக்கும். காலேஜ்ல என்னோடது ஒண்ணு அப்படித்தான் போச்சு. இது நிக்காம ஓடுது. எதையோ செய்யப் பாத்து முடியாம மறுபடி மறுபடி செய்யுது" என்றேன்.

"சத்தத்த வெச்செல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். முதல் முறையாக என்னிடம் பேசினார் என்பதே பெரிய விஷயம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வழியெல்லாம் கூட்டம், வீடு போய்ச் சேர வேண்டும். ஆனால் லேப்டாப்பைத் தூக்கப் போனபோது என் கை அதன் மேல் இருந்தது. அவர் வெறுங்கையோடு போனார்.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் வேறு எதுவும் நடக்காது. மலையைச் சுற்றிக் கிரிவலம் போக எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து இறங்கும். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆட்டோக்காரர் நமக்குத் தெரிந்தவராக இருந்தாலும் வர மாட்டார். வேறு ரிப்பேர்க்காரரைத் தேடிப் போவது என்ற பேச்சே இல்லை. ஆகவே இருப்பது நானும், கணினியும், என் ஃபோனும்தான்.

ஃபோனும் எனக்குப் பேசும். அதில் தேடினேன். யோசனைகள் பக்கம் பக்கமாக இருந்தன. எல்லாம் 'இடது பக்கம் மேலே தெரியும் நீலக் கட்டத்தை அழுத்தவும்' என்று ஆரம்பித்தன. எனக்கு நீலமும் தெரியாது, கட்டமும் தெரியாது. கோபத்தில் ஃபோனைக் கட்டிலில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்தேன். எறிந்த பொருளைத் தேடி எடுப்பது எனக்கு உங்களைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால் நான் அடிக்கடி எறிவதில்லை.

படித்ததில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. கணினியை 'சேஃப் மோடு' என்ற நிலையில் எழுப்பலாம். அப்போது அது தனக்கு உயிர் வாழத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு எழும். மற்ற எதையும் கூப்பிடாது. சமையல் ஏன் தாமதமாகிறது என்று தெரிய வேண்டுமானால், விருந்தாளிகளை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அடுப்பை மட்டும் பற்ற வைத்துப் பார்ப்பது மாதிரி. அடுப்பு நன்றாக எரிந்தால் குற்றம் அடுப்பில் இல்லை. கணினி அந்த நிலையில் சட்டென்று எழுந்தால், டிஸ்க் நன்றாக இருக்கிறது, வந்த அப்டேட்தான் கெட்டது என்று அர்த்தம். அப்படியானால் அதைப் பிடுங்கி எறிந்தால் போதும்.

ஒரே ஒரு சங்கடம். சேஃப் மோடில் ஒலியும் வராது. அதற்குப் போகிற வழியில் வரும் திரைகளிலும் என் திரைவாசிப்பான் பேசாது. ஃபோன் கேமராவைக் காட்டினால் எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி இருக்கிறது. ஆனால் திரையில் உள்ள எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்குமே தவிர, இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று சொல்லாது. அதற்கு ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கீழே போய் வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். அவர் மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவர். பித்தளைத் தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார்; வாசனை வந்தது.

"அக்கா, கிளம்பிட்டீங்களா?"

"சாயந்தரம் வெயில் தாழ்ந்து போலாம்னு கீறேன். இன்னா சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டே தூக்கை மூடி வைத்தார். "மலை எங்கியும் ஓடிப்போவாது. பௌர்ணமி நாளைக்குக் காலைல வரைக்கும் கீது. உன் வேலதான் ஓடிப்போயிடும். வா."

மாடிக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபின், திடீரென்று எழுந்துவிட்டார். "ஐயையோ, ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சு. ஒண்ணர மணி நேரம் போவட்டும், நல்ல காரியத்த இப்ப ஆரம்பிக்கக் கூடாது."

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பதில் வந்ததோ! "நாம எதையும் ஆரம்பிக்கலியேக்கா. வீட்டுக்குள்ள வந்த சனியன வெளிய அனுப்பப் போறோம். அதுக்கு ராகு காலம் தோதுதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மட்டும் கணினி அரை உயிரோடு பேசியது எனக்கு லாபமாகப் போயிற்று. ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால், அது நேராக எழாமல் ஒரு தனிப் பட்டியலுக்குப் போகும். அதற்குப் பிறகு சத்தம் நின்றது. ஃபோன் திரையிலிருந்த எழுத்தைப் படித்தது. வீட்டுக்காரம்மா கண்ணால் பார்த்தார். நான் அம்புக்குறி கீயை அழுத்தினேன்.

"எதுக்கா வெளிச்சமா இருக்கு?"

"மொதலாவது."

"இப்ப?"

"ரெண்டாவதுக்கு வந்துடுச்சு. வெள்ளையா கோடு போட்டு கீது."

என்டர். அடுத்த திரை. அங்கே முதல் கட்டமே ஆபத்தானது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற கட்டம். ரிப்பேர்க்காரர் செவ்வாய்க்கிழமை செய்யவிருந்ததை என் விரலே செய்துவிடும். அதைத் தாண்டி அடுத்ததற்குப் போக வேண்டும். நான் ஒரு கணம் விரலை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. "குருட்டாம்போக்குல எதையும் தட்டிடாதம்மா" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்த சத்தம் கேட்டது.

"நான் எப்பவுமே அப்படித்தாங்க்கா தட்டறேன். சம்பளமே அதுக்குத்தான் தர்றாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு விரலை மறுபடி கீயின் மேல் வைத்தேன்.

அந்தக் கட்டத்தைத் தாண்டி, இன்னும் இரண்டு மூன்று திரைகள் உள்ளே போய், சேஃப் மோடுக்கான எண்ணை அழுத்தினேன். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. நான் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கறகறப்பு கொஞ்சம்தான் வந்தது, சீக்கிரமே அடங்கியது.

"வந்துடுச்சு! பேக்ரவுண்டெல்லாம் கறுப்பா கீது, ஆனா வந்துடுச்சு! எல்லாப் படமும் வந்து நிக்குது!" வீட்டுக்காரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அடுப்பு நன்றாக எரிகிறது. குற்றம் விருந்தாளியிடம். காது சொன்னது சரி, ரிப்பேர்க்காரர் சொன்னது தப்பு. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவும் செய்தேன்.

மறுபடி அதே பட்டியல் வழியாகப் போனோம். இந்தத் தடவை கடைசியில் வேறு கட்டம்: கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு. வீட்டுக்காரம்மா 'அதுதான், அதேதான்' என்று உறுதி சொல்ல, என்டர் தட்டினேன். கணினி வெகுநேரம் எதையோ கழற்றிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தது. எழுந்தவுடனே, சளசளவென்று, கடுகு வெடிக்கும் வேகத்தில் என் திரைவாசிப்பான் பேசியது. அந்தக் குரலை அவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் கேட்டதில்லை.

வீட்டுக்காரம்மா தூக்கை எடுத்துக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினார். படி இறங்கும்போதே எதிர்வீட்டுக்காரரிடம், "கம்ப்யூட்டர நாங்க ரெண்டு பேருமா ரிப்பேர் பண்ணிட்டோம்" என்று சொல்வது மாடிக்குக் கேட்டது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்போமே என்று, விளக்கு வைக்கிற நேரத்தில் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். பேசவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. முதுகில் காதை வைத்தேன். பழைய கறகறப்பு.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. புரிந்தபோது வந்த எரிச்சலுக்கு அளவில்லை. நான் சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் ஃபோன் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கணினி தன் பாட்டுக்கு இணையத்தில் போய், நாங்கள் துரத்திவிட்ட அதே அப்டேட்டை மறுபடி கூட்டிக்கொண்டு வந்து உள்ளே உட்கார வைத்திருக்கிறது. முன்வாசலில் துரத்தியதைப் பின்வாசலில் விட்டுக்கொண்ட கதை. வாசலைச் சாத்த எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்காரம்மா மலை சுற்றிவிட்டு எப்போது வருவார் என்று தெரியாது. ஃபோன் போட்டேன், அந்தக் கூட்டத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. மெயின் ரோட்டிலிருந்து ஜனங்கள் நடக்கும் சத்தமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. ஊரே நடந்துகொண்டிருந்தது, நான் மட்டும் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு ஃபோன் செய்து 'மாத்திடுங்க' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்றுதான் சொல்கிறேன், இருக்க விடவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் தெரியாத பலருக்கும் உண்டு. புதுத் தெருவில் ஒருமுறை யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போதும். எங்கே திரும்பினோம், எங்கே மேடு, எங்கே சாக்கடை, எங்கே பஜ்ஜிக் கடை எண்ணெய் வாசனை, எல்லாம் காலில் தங்கிவிடும். அடுத்த முறை நானே போவேன். இந்தப் பட்டியலுக்குள்ளும் நான் வீட்டுக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை போய்விட்டு வந்திருக்கிறேன். இது என்ன, ஒரு தெருதானே?

முதலில் ஃபோனின் ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். கணினி இணையத்துக்குப் போவது அது வழியாகத்தான். வாசல் சாத்தியாயிற்று. பிறகு கணினி முக்கி முனகிப் பேசுகிற வரை காத்திருந்து, ஷிஃப்ட்டைப் பிடித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். சத்தம் நின்றது. ஃபோன் கேமராவைக் காட்டினேன். சரியான திரைதான் என்றது. எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

ஒரு தரம் நகர்த்தி, என்டர். ஃபோன் அடுத்த திரையைப் படித்தது. சரி. இப்போது அந்த ஆபத்தான கட்டம். அதன் மேல்தான் நிற்கிறேன் என்று விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு தரம் நகர்த்தினேன். நகர்ந்ததா? கீ அழுந்தியது, நகர்ந்திருக்க வேண்டும். இன்னொரு தரம் அழுத்தினால் தப்பாகிவிடும். அழுத்தியது ஒருமுறைதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, என் ஞாபகத்தை நம்பாமல் நான் வேறு எதை நம்பி இத்தனை வருஷம் ரோட்டில் நடந்தேன்? என்டர் தட்டினேன்.

ஃபோன் படித்தது. துடைக்கிற திரை இல்லை. நான் போக வேண்டிய திரைதான்.

அதற்குப் பிறகு கால் தானாக நடந்தது. கடைசிக் கட்டத்தில் ஃபோன் 'அப்டேட்டை நீக்கு' என்று படித்தபோது, யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. கணினி கழற்றியது, அணைந்தது, எழுந்தது, பேசியது. இந்த முறை நான் கத்தவில்லை. முதல் வேலையாக, கணினியின் அமைப்புகளுக்குள் போய், இனி அப்டேட்டை நிறுத்தி வை என்று உத்தரவு போட்டேன். அதற்குப் பிறகுதான் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தேன். அணைத்துப் போட்டேன். பேசியது. மறுபடி அணைத்துப் போட்டேன். பேசியது. பால் வைத்துப் பார்க்க வீட்டில் பால் இல்லை, எல்லாம் வழிந்து போயிருந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே தனியாகச் சிரித்தேன். என்னை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேடத்தின் ஃபோன் வந்தது.

"லாகின் ஆயிட்டீங்க போல! நைஸ். நம்ம டீம்ல பாதிப் பேருக்கு சிஸ்டம் ஸ்டார்ட்டே ஆவல. எல்லாருக்கும் அந்த அப்டேட்தான் பிரச்சனையாம். உங்களுக்கு யாரு வந்து சரி பண்ணாங்க? அந்த நம்பர் குடுங்களேன்."

"யாரும் வரல மேடம். நான்தான் பண்ணேன்."

"இல்ல, ஸ்க்ரீன யாரு பாத்தாங்கன்னு கேக்கறேன்."

"மொதல் தடவ வீட்டுக்காரம்மா பாத்தாங்க. மறுபடி கெட்டுப்போச்சு. ரெண்டாவது தடவ யாருமே பாக்கல மேடம்."

மறுமுனையில் மேடம் மௌஸைக் கிளிக் செய்யும் சத்தம் கேட்டது.

"ரிசப்ஷன் லைனுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோடதும் காலைலருந்து சுத்திக்கிட்டே இருக்கு. எப்படிப் பண்ணணும்னு கொஞ்சம் சொல்றீங்களா? மௌஸ எங்க கொண்டுபோகணும்?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மௌஸ விட்டுடுங்க மேடம். ரெண்டு கையையும் கீபோர்டுல வைங்க. நான் சொல்றேன்."